ஈரம் படாத கரி

கன்னியம்மாளுக்குக் கரியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித்தர முடியாது. சொல்லிப் பார்த்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கல்யாணமாகி வந்த மறுவாரமே காட்டுக்குப் போய்க் கரிமூட்டம் போட ஆரம்பித்தவள் அவள். கட்டையை அடுக்கி, தழை போட்டு மூடி, மண்ணைப் பூசி, நெருப்பு வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டு, மூட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை மூக்காலேயே சொல்லிவிடுவாள். ஜெர்மன் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியதே, அப்போது புத்தூருக்கும் திருப்பதிக்கும் போய் வந்த பஸ்களில் பாதியாவது தானும் தன் புருஷன் வீராசாமியும் சுட்ட கரியில்தான் போயின என்று பீற்றிக்கொள்வாள். பீற்றிக்கொள்ள அவளிடம் வேறு என்ன இருந்தது?

அந்தத் தொழிலுக்கு ஒரே சட்டம்தான். கரி நனையக் கூடாது. ஒரு கூடை ஈரமாக இருந்தாலும் குத்தகைக்காரன் காலால் எட்டி உதைத்துக் கவிழ்ப்பான். இருபது வருஷம் இந்தச் சட்டத்துக்கு அவள் ஒரு நாளும் தவறாமல் கட்டுப்பட்டு நடந்தாள். கடைசியில் அதுதான் அவள் குடியைக் கெடுத்தது.

சண்டை முடிந்தது. பஸ் பழையபடி பெட்ரோலுக்குப் போயிற்று. கரிக்காரர்கள் கூலிக்காரர்கள் ஆனார்கள். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து நாலு வருஷம் கழித்து ஓடைமேடு காலனியில் நிலமில்லாத குடும்பங்களுக்குப் புறம்போக்கில் ஆளுக்கு இரண்டு ஏக்கர் பட்டா கொடுத்தார்கள். காகிதம் தெலுங்கில் இருந்தது. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் அதைப் படித்துச் சொன்னார். மூன்று வருஷத்துக்குள் நிலத்தைத் திருத்திப் பயிர் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் கவர்மெண்டே திரும்ப எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் நிபந்தனை. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது.

நிலத்தைப் பார்த்தால் அழுகை வரும். சரளையும் சுண்ணாம்புக் கல்லுமாக வெளிறிக் கிடந்தது. மேலே ஆள் உயரத்துக்கு முள். முதல் வருஷம் மழை இல்லை. இரண்டாம் வருஷம் முள் வெட்டுவதிலேயே போயிற்று. மூன்றாம் வருஷம் ஆவணியில் கடைசி வேலமரத்தை வெட்டும்போது வீராசாமி கிளையோடு கீழே வந்தான். தொடை எலும்பு முறிந்துவிட்டது. புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய் மூங்கில் பத்தையும் தழையும் முட்டையும் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கால் ஊன்ற ஐந்து மாதம் ஆகும் என்று சொல்லியனுப்பினார்கள். அந்த ஐந்தாவது மாதம் தை. நிலத்தைப் பார்க்க ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வரப்போவதும் தை பத்தாம் தேதி.

ஊரே அப்போது வேறு ஒரு கவலையில் இருந்தது. எல்லை பிரிக்கிறார்கள். எந்த ஊர் மெட்ராஸ், எந்த ஊர் ஆந்திரா என்று தினம் ஒரு பேச்சு. காலையில் டீக்கடையில் ஓடைமேட்டை மெட்ராஸில் சேர்ப்பார்கள், சாயங்காலம் ஆந்திராவுக்குத் திருப்பிக் கொண்டு வருவார்கள். இந்த ராஜ்யம் கொடுத்த பட்டாவை அந்த ராஜ்யம் ஒத்துக்கொள்ளுமா என்று கன்னியம்மாள் கர்ணத்திடம் கேட்டாள். "நெலத்துல பயிர் நிக்கிதுன்னு அடங்கல் கணக்குல ஏறிட்டா ஒன்ன எந்த ராஜ்ஜியமும் அசைக்க முடியாது" என்றார் அவர். அதிலிருந்து அவளுக்குப் பயிர் என்ற ஒரே நினைப்புதான். என்ன பயிர் என்றுகூட இல்லை. நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கிழக்கே அடுத்த நிலம் பெரிய வீட்டு நாராயணசாமியுடையது. இந்த இரண்டு ஏக்கரும் முள்ளாகக் கிடந்த காலத்தில் அவர் வீட்டு மாடுகள்தான் அதில் மேய்ந்தன. பட்டா கொடுத்த அன்றிலிருந்து அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வரப்பில் நின்று, "முடியாட்டி வுட்ருடி கன்னியம்மா, இன்னாத்துக்குச் செரமப்பட்டுக்கினு" என்று அன்பாகத்தான் சொல்லுவார். அந்த அன்பைக் கேட்டால் அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு முள் வெட்டப் போய்விடுவாள்.

அந்த வருஷம் மழை ஐப்பசிக் கடைசியில்தான் எட்டிப் பார்த்தது. வேர்க்கடலைக்குக் காலம் கடந்துவிட்டது. கேழ்வரகு நாற்று விடக் கிணறு இல்லை. அப்போதுதான், விவசாயம் சொல்லிக்கொடுக்கக் கவர்மெண்ட் அனுப்பிய கிராம சேவக் சிட்டிபாபு சைக்கிளில் ஒரு மூட்டை கோதுமை விதையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். காளஹஸ்திப் பக்கத்துப் பையன். அவனுக்கு மேலிடத்தில் காட்ட ஒரு மாதிரித் தோட்டம் வேண்டும். ஊரில் யாரும் இடம் கொடுக்கவில்லை. ரேஷனில் கோதுமை போட்ட காலத்திலேயே அதை மாட்டுக்கு வைத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

"பனிக்கே வெளையும் அம்மா. நாலே மாசம். நம்மு, நா மாட்ட நம்மு" என்று தன்னை நம்பச் சொன்னான் சிட்டிபாபு.

நம்புவதற்கு வேறு யாரும் வரவில்லை. ஆகவே நம்பினாள்.

கரி போடலாம் என்ற யோசனை மட்டும் அவளுடையது. காட்டோரத்தில் அவர்களுடைய பழைய மூட்டத்து இடம் ஒன்று இருந்தது. பத்து வருஷமாக அங்கே யாரும் மூட்டம் போடவில்லை. கருகருவென்று கரித்தூள் கிடக்கும் அந்த வட்டத்தில் எங்கேயோ இருந்து விழுந்த கேழ்வரகு இடுப்பு உயரம் வளர்ந்து, கை விரல் மடக்கினாற்போல் கதிர் விட்டிருந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். வட்டத்துக்கு வெளியே ஒரு முழம் தள்ளி அதே கேழ்வரகு சாண் உயரத்தில் சுருண்டு கிடந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? வெட்டிப் போட்ட முள்ளும் வேலங்கட்டையும் நிலத்திலேயே குவிந்து கிடந்தன. மூட்டம் போட்டாள். ஒன்றல்ல, ஐந்து. கரியை விற்றிருந்தால் வீராசாமிக்கு நாலு நாள் சோறாவது ஆகியிருக்கும். விற்காமல், உலக்கையால் இடித்துத் தூளாக்கிக் குவித்தாள்.

சிட்டிபாபு குவியலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மா, ட்ரெய்னிங்குல ஒரு வார்த்த செப்பினாரு. கரிய அப்படியே போடாதே. எருக்குழில போட்டு, மாட்டு மூத்திரம் ஊத்தி, ஒரு மாசம் ஊறணுமாம்" என்றான்.

கன்னியம்மாள் சிரித்த சிரிப்பில் கட்டிலில் கிடந்த வீராசாமியும் சிரித்தான்.

"யப்பா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கரி சுட்டுக்கினு இருந்தவ. கரியில மூத்திரம் ஊத்தறதா? வேற யார்னா கேட்டாக் காறித் துப்புவாங்க. போ, போயி ஒன் காயிதத்துல எழுதிக்கோ."

பையன் முகம் சிவந்துவிட்டது. அவனும் அதைப் புத்தகத்தில் படித்தவன்தானே தவிர ஊற்றிப் பார்த்தவன் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

கார்த்திகை பிறந்ததும் மூன்று நாள் அடைமழை பிடித்தது. குவித்து வைத்த கரித்தூளை மூட ஒன்றும் இல்லை. கன்னியம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு காலனியில் இருந்த தன் குடிசைக் கூரையைப் பிரித்து, அந்த ஓலையைக் கொண்டுவந்து கரிமேல் போட்டு மூடினாள். வீடு நனைந்தது, புருஷன் நனைந்தான், பானையில் இருந்த அரிசி நனைந்தது. கரிமேல் ஒரு சொட்டு விழவில்லை. மூன்று நாளும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அதன் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்திருந்தாள். வானம் தானாக வந்து நனைத்துத் தருகிறேன் என்றது. அவள் விடவில்லை. பின்னாளில் இதை நினைத்து நினைத்துத் தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்.

மழை விட்டதும் வீட்டை மறுபடி வேய்வதற்குள் விதைக்க வேண்டும் என்று, நிலத்து மூலையிலேயே நாலு கம்பு நட்டு ஒரு சாய்ப்பு இறக்கி, வீராசாமியைக் கட்டிலோடு கொண்டுவந்து அதில் போட்டாள். கார்த்திகை பன்னிரண்டாம் தேதி, உலர்ந்த கரித்தூளை நிலம் பூராவும் இறைத்து, கொத்திக் கலந்து, பாத்தி பாத்தியாகப் பிரித்து, வரிசை பிடித்துக் கோதுமை விதைத்தாள். மேற்கோரம் ஒரு பத்தடிக்கு மட்டும் கரி போதவில்லை. அந்தப் பத்தடிக்காக அவள் மனசு அடித்துக்கொண்டது. பாவம், அந்தப் பிள்ளைக்கு மட்டும் பால் இல்லாமல் போயிற்றே என்று வீராசாமியிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

ஆறாம் நாள் முளைத்தது. இரண்டு ஏக்கரும் ஊசி ஊசியாகப் பச்சை. வெளிறிக் கிடந்த மண் கறுப்பாகி, அதில் பச்சைக் கோடு கோடாகப் பார்த்ததும் கன்னியம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூலிக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை வரிசை வரிசையாக நடந்து பார்ப்பாள். நாராயணசாமி வரப்பில் வந்து நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அது அவளுக்கு இன்னும் சந்தோஷம்.

பதினெட்டாம் நாள் நுனி மஞ்சளாயிற்று.

பனியாக இருக்கும் என்று நினைத்தாள். இருபதாம் நாள் பாதி இலை மஞ்சள். அதன்பிறகு பயிர் வளரவே இல்லை. விரல் நீளத்தில் நின்றது நின்றபடி, பக்கக் கிளை விடாமல், தரையோடு சாய ஆரம்பித்தது. கரி இல்லாத மேற்கோரத்துப் பத்தடி மட்டும் குட்டையானாலும் பச்சையாக நின்றது. அதை அவள் பார்த்தாள். பார்த்தும் புத்திக்கு ஏறவில்லை. கரி குறைவாகப் போட்டதுதான் தப்பு என்று முடிவு செய்து, வீட்டில் சமையலுக்கு வைத்திருந்த கரியையும் இடித்து வரிசைகளுக்கு நடுவே தூவினாள். நாலு நாளில் அது இன்னும் மோசமாயிற்று.

சிட்டிபாபுவைத் தேடிப் போனாள். எல்லை வேலைக்கென்று அவனைச் சத்யவேடு பக்கம் அனுப்பிவிட்டார்கள், எப்போது வருவான் என்று தெரியாது என்றார்கள். திரும்பி வந்து நிலத்து நடுவில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடவில்லை. எழுந்திருக்கவில்லை. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பாள், கீழே போடுவாள், அடுத்ததைப் பிடுங்குவாள்.

"இருக்கறதயும் நீயே புடுங்கிப் போட்டுடாதமே" என்று சாய்ப்பிலிருந்து வீராசாமி கத்தினான். "எந்திரிச்சி வா. வந்து கஞ்சி குடி."

எழுந்து போனாள். கஞ்சிச் சட்டியை எடுக்கக் குனிந்தபோதுதான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருந்ததைப் பார்த்தாள். கட்டில் தலைமாட்டுக்கு அப்பால், சாய்ப்பு மறைத்த மூலையில், முறம் அகலத்துக்கு ஒரு திட்டு. அதில் கோதுமை கரும்பச்சையாக, முழங்கால் உயரத்துக்கு நின்றது. ஒவ்வொரு செடியிலும் ஐந்தாறு கிளை. அதே மண், அதே கரி, அதே விதை.

"இது இன்னாய்யா?"

வீராசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கேக்கறன் இல்ல? இங்க இன்னா போட்ட?"

"ஒன்னும் போடல."

"பொய் சொல்லாத. இன்னா போட்டன்னு சொல்லு, ஒன் காலப் புடிச்சிக்கறன், சொல்லுய்யா."

நிஜமாகவே அவள் காலைப் பிடிக்க வந்தாள். பத்தை வைத்துக் கட்டிய கால். அவன் பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் இருந்த ஒரு தகர டப்பாவைக் காட்டினான்.

"நீ வெடிகாலைலயே கூலிக்குப் போயிடற. என்னால எந்திரிக்க முடியல. யார இட்டுக்கினு போவச் சொல்லிக் கேக்கறது? இதுல பேஞ்சி, நாத்தம் தெரியாம இருக்கச் சொம்புத் தண்ணியயும் சேத்து அந்தாண்ட ஊத்திடுவேன்." குரல் தாழ்ந்துவிட்டது. "ஆம்பளயாட்டமா இருக்குது இது? அதான் ஒன்கிட்ட சொல்லல."

கன்னியம்மாள் அந்தத் திட்டுக்கு முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது அழுகையாகிவிட்டது. பழைய மூட்டத்து வட்டம் இப்போதுதான் முழுசாக ஞாபகம் வந்தது. மூட்டம் போடுவதை விட்டபிறகு அந்தக் கதகதப்பான கரித்தூளில் யார் வீட்டு ஆடெல்லாம் இராத் தங்கின? எத்தனை மழை, எத்தனை மூத்திரம், எத்தனை புழுக்கை அதில் ஊறியிருக்கும்? கேழ்வரகைப் பார்த்தவள் ஆட்டை மறந்துவிட்டாள்.

"பசி" என்றாள். "கரிக்குப் பசிய்யா. நெருப்புல எல்லாத்தயும் வுட்டுட்டு வெறும் வயித்தோட வந்து மண்ணுல உக்காந்துக்கினு, மண்ணுல இருக்கறத அதுவே துன்னுட்டுது. பயிருக்கு இன்னா மிச்சம் இருக்கும்? அந்தப் பையன் சொன்னான். நான் சிரிச்சேன்."

மார்கழி பதினாறு அன்றைக்கு. தை பத்துக்கு இருபத்து நாலு நாள் இருந்தது.

அவளிடம் மாடு இல்லை, ஆடு இல்லை. நாராயணசாமி வீட்டுத் தொழுவத்தில் பதினான்கு மாடு நின்றன. ஆனால் அந்த வாசலை அவள் மிதிக்க முடியாது, மிதித்தாலும் எதற்கென்று சொல்ல முடியாது. மறுநாள் புத்தூரில் மாட்டுச் சந்தை. விடிவதற்குள் இரண்டு பானையோடு போய் நின்றாள். நானூறு மாடு இருக்கும். ஒவ்வொரு மாட்டுக்கும் பின்னால், வால் தூக்கும் நேரம் பார்த்து ஓடிப்போய்ப் பானையை ஏந்தினாள். தரகர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு காளை உதைத்தது, பானை உடைந்தது, அவள் புடவையெல்லாம் நனைந்தது. உடைந்த பானையின் அடிப்பாதியை வைத்துக்கொண்டு அடுத்த மாட்டுக்கு ஓடினாள். கங்கையா என்ற ஒரு மாட்டுத் தரகர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த அம்மாவுக்கு இன்னா கஷ்டமோ" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, ஒரு தகர டின்னைக் கொடுத்து, தன் பத்து மாட்டையும் அவளுக்கு ஒதுக்கிவிட்டார்.

டின்னையும் பானையையும் தழை போட்டு மூடித் தலையில் வைத்துக்கொண்டு நாலு மைல் நடந்து வந்தாள். வரப்பில் நாராயணசாமி நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா கன்னியம்மா, தண்ணி தூக்கறியா?"

"ஆமா சாமி, தண்ணிதான்."

"பாவம். காஞ்சதுக்கு எம்மாம் தண்ணி ஊத்தி இன்னா ஆவப் போவுது."

முதல் வரிசைக்கு அப்படியே ஊற்றினாள். அது கருகிப்போயிற்று. பதறிப்போய், ஓடை ஊற்றுத் தண்ணீரை ஒன்றுக்குப் பத்தாகக் கலந்து அடுத்த வரிசைக்கு ஊற்றினாள். அதன்பிறகு கூலிக்குப் போகவில்லை. சுற்றுவட்டத்தில் எங்கே மாடு கட்டியிருந்தாலும், எங்கே கிடை போட்டிருந்தாலும் அங்கே போய் நின்றாள். எதற்கென்று கேட்டவர்களிடம் புருஷன் காலுக்கு மருந்து என்றாள். சிலர் கொடுத்தார்கள், சிலர் நாயை விட்டார்கள். கழுத்து திரும்பவில்லை, உள்ளங்கால் வெடித்துவிட்டது. உடம்பில் இருந்து அந்த நாற்றம் போகவே இல்லை. வீராசாமி கட்டிலில் கிடந்தபடி ஒவ்வொரு காலையும் எண்ணிச் சொல்லுவான். "மூனாவது பாத்தில மஞ்ச நின்னுப்போச்சிமே. நடுக்குருத்து பச்சயா வருது. பாரு, பாரு." வந்தது. நிஜமாகவே வந்தது. ஆறு நாளில் ஏழு பாத்தியில் குருத்து பச்சையாகத் தலை நீட்டியது. இன்னும் பதினெட்டு நாள் இருந்தால் போதும் என்று அவள் கணக்குப் போட்டாள். அந்த நிலம் பூராவும் நனைய அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

மார்கழி இருபத்திரண்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கர்ணத்தோடு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்துவிட்டார்.

எல்லை வேலை தலைக்குமேல் இருக்கிறது, தை மாசம் நேரம் இல்லை, அதனால் எல்லா நிலத்தையும் இப்போதே பார்த்து முடிக்கச் சொல்லி உத்தரவு என்றார் கர்ணம். நாராயணசாமி தன் வரப்பில் குடையோடு நின்றார். அந்த வரப்பைத் தாண்டி அவர் ஒரு அடி வைக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நிலத்தைப் பார்த்தார். அவர் கோதுமையை மூட்டையில்தான் பார்த்திருக்கிறார். "ஏமிடி இதி? பைரு எக்கட?" என்று, பயிர் எங்கே எனத் தெலுங்கில் கேட்டார். அவர் கண்ணுக்கு அங்கே தெரிந்தது சாய்ந்து கிடந்த மஞ்சள் புல். கன்னியம்மாள் ஒரு செடியைப் பிடுங்கி, வேரோடு ஒட்டிக்கொண்டிருந்த விதைத் தோலைக் காட்டினாள்.

"கோதும சாமி. சேவக்கு குடுத்த வெத. கொஞ்சம் சொணங்கிப்போச்சி. மருந்து வச்சிட்டேன், கெளம்பிட்டுது. அந்தாண்ட வந்து பாருங்க சாமி, கட்டிலுக்குப் பக்கத்துல எப்படி நிக்குதுன்னு. பூரா நெலமும் அப்படி ஆயிடும். தை பத்துன்னு சொன்னாங்களே. தை பத்து வரிக்கும் குடுங்க சாமி."

அவர் கல் நெஞ்சக்காரர் இல்லை. இரண்டு அடி எடுத்து வைக்கத்தான் செய்தார். அன்று விடியற்காலையில்தான் அவள் எட்டாம் பாத்திக்கும் ஒன்பதாம் பாத்திக்கும் ஊற்றியிருந்தாள். வெயில் ஏறிய நேரம். நாற்றம் எழும்பி வந்து அவர் முகத்தில் அடித்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினார். சுற்றிப் பார்த்தார். கட்டில், கட்டிலில் கால் கட்டோடு ஒரு ஆள், பக்கத்தில் தகர டப்பா. அவர் முகம் மாறிவிட்டது.

"இது நெலமா, கக்கூஸா?" என்று தமிழிலேயே கேட்டார். "பயிர் செய்யச் சொல்லிக் கொடுத்தா, இதுக்கா வச்சிருக்கீங்க?"

சைக்கிளை எடுத்துத் திருப்பினார். கன்னியம்மாள் குறுக்கே விழுந்தாள். சைக்கிள் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "மோந்து பாக்காதீங்க சாமி, கண்ணால பாருங்க. இந்த நாத்தம்தான் சாமி மருந்து. கண்ணால பாருங்க சாமி" என்று அலறினாள். அவள் மேலிருந்தே அந்த நாற்றம் வந்தது. அவர் சைக்கிளை உருவிக்கொண்டார். கட்டிலில் இருந்து எழப் பார்த்து வீராசாமி மண்ணில் குப்புற விழுந்தான். கட்டுப் போட்ட கால் மடங்கி, அவன் போட்ட கூச்சலில் அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. நாராயணசாமி காதுக்கு எட்டியிருக்க வழியே இல்லை. அவர் அந்த நேரம் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார்.

"எனக்குப் பொங்கலுக்குள்ள முப்பத்தோரு நெலம் பாக்கணும்மா" என்றார் இன்ஸ்பெக்டர், கொஞ்சம் இறங்கிய குரலில். "பாத்தத எழுதுவேன்." பயிர் இல்லை என்று எழுதினார்.

அதற்குப் பிறகும் கன்னியம்மாள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. வீராசாமியை மறுபடி புத்தூருக்குத் தூக்கிப்போய்க் கட்டிவிட்டு வந்த அன்றுகூட ஊற்றினாள். பச்சையாகிவிட்டால் போதும், காட்டிக் கேட்கலாம் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை. தை பத்தாம் தேதி நிலம் பூராவும் பச்சை. கணுக்காலுக்கு மேல் நின்று காற்றில் அசைந்தது. அதில் ஒரு கைப்பிடி அறுத்து மடியில் கட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நடந்தாள். மூன்று தடவை நடந்தாள். முதல் தடவை ஆள் இல்லை. இரண்டாம் தடவை மனு எழுதி வா என்றார்கள். மூன்றாம் தடவை, அவள் ஊர்க் காகிதக் கட்டு மெட்ராஸுக்குப் போகிற கட்டுகளோடு சேர்ந்து எல்லை தாண்டிப் போய்விட்டது, ஊர் இந்தப் பக்கம்தான், காகிதம் மட்டும் அந்தப் பக்கம், வந்தால் பார்க்கலாம் என்றார்கள். மடியில் இருந்த கோதுமைத் தாள் அதற்குள் வாடிப்போயிருந்தது. ஆபீஸ் வாசலில் நின்ற ஒரு மாட்டுக்கு அதைப் போட்டுவிட்டு வந்தாள்.

மாசியில் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து நிலத்துக்காரர் என்ற முறையில் நாராயணசாமிக்குக் குத்தகைக்கு விட்டார்கள், அதில் நின்ற பயிரோடு சேர்த்து. ஊர் ஆந்திராவிலேயே இருந்துவிட்டது என்று டீக்கடையில் வெடி வெடித்தார்கள். கன்னியம்மாளுக்கு எந்த ராஜ்யமாக இருந்தாலும் ஒன்றுதான்.

பங்குனிக் கடைசியில் கோதுமை அறுப்புக்குக் கூலி ஆள் கூப்பிட்டார்கள். போகமாட்டேன் என்றுதான் இருந்தாள். பானையில் ஒன்றும் இல்லை, போனாள். வீராசாமியும் கோல் ஊன்றிக்கொண்டு கதிர்க் கட்டுக் கட்ட வந்தான். மார் உயரத்துக்கு நின்றது பயிர். அவள் குனிந்து அறுக்க அறுக்க, கால் விரலிடுக்கெல்லாம் கறுப்பாயிற்று. கரி மக்காது. அது அவளுக்குத் தெரியும். அவள் செத்து, நாராயணசாமியும் செத்து, அவர் பேரன் காலத்திலும் அந்த நிலத்தில் அந்தக் கரி இருக்கும், பசி தீர்ந்த கரி, வருஷா வருஷம் விளைந்துகொண்டிருக்கும். தன் கையாலேயே ஊட்டி வளர்த்து அடுத்த வீட்டில் விட்டுவிட்டோமே என்று அறுத்த தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கூட அறுத்தவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

மத்தியானம் நாராயணசாமி வந்தார். ஒரு கதிரைக் கசக்கி உள்ளங்கையில் ஊதிப் பார்த்தார். மண்ணில் ஒரு பிடியை அள்ளிப் பார்த்தார்.

"கன்னியம்மா, நீ கெட்டிக்காரிடி. அந்த ஆபீசரு அவசரப்பட்டுட்டாரு. எல்லாம் இந்தக் கரிதானே?"

அவள் நிமிர்ந்தாள். "ஆமா சாமி. கரிதான்."

"எனக்கும் மேட்டுக்கொல்ல அஞ்சு ஏக்கர் வெளுத்துக் கெடக்குது. வர்ற பட்டத்துக்கு அதுல பூரா போட்டுடலாம்னு இருக்கேன். கட்ட எவ்ளோ வேணுமோ தரேன். நீயே வந்து சுட்டுக் குடுத்துடு. ஒன்ன வுட்டா இந்தப் பக்கம் யாருக்கு இது தெரியும்? எப்படிப் போடறதுன்னு மட்டும் சரியாச் சொல்லிடு."

கன்னியம்மாள் அரிவாளைத் தரையில் வைத்தாள். சந்தையில் உடைந்த பானையின் அடிப்பாதி ஞாபகம் வந்தது. அன்றைக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, "தண்ணி தூக்கறியா" என்று அவர் கேட்டது ஞாபகம் வந்தது.

"சுட்டுத் தரேன் சாமி" என்றாள். "ஒன்னே ஒன்னுதான். சுட்ட கரி சுட்ட மாதிரியே மண்ணுக்குப் போவணும். எருவு, குப்ப எதுவும் அதும்மேல சேரக் கூடாது. ஒரு சொட்டு ஈரம் படக் கூடாது."

வீராசாமி கட்டிக்கொண்டிருந்த கட்டைப் பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து முடிச்சை இறுக்கினான்.

"மழ வந்துட்டா?" என்று கேட்டார் நாராயணசாமி.

"நான் எங்க வூட்டுக் கூரயப் பிரிச்சிப் போட்டு மூடினேன் சாமி. ஊரே பாத்துது. அப்படிக் காபந்து பண்ணாத்தான் இப்படி வரும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அன்று சாயங்காலமே பெரிய படுதாவாகப் பார்த்து நாலு வாங்கிவரப் புத்தூருக்கு வண்டி கட்டி ஆள் அனுப்பினார்.